பார்மசிஸ்ட், கம்பவுண்டர், மருந்தாளுநர்: சட்டம் யாரைச் சொல்கிறது?

ராயபுரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிப் பக்கம் மருந்துக் கடைகளில் சீட்டை நீட்டுகிறவர்களுக்கு, கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற எல்லாருமே 'பார்மசிஸ்ட்'தான். வயதானவர்கள் இன்னும் 'கம்பவுண்டர்' என்பார்கள். சட்டம் இரண்டு பேச்சையும் ஏற்காது.

'பார்மசி' கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த சொல். மூலச்சொல்லான 'பார்மக்கோன்' மருந்தையும் குறிக்கும், நஞ்சையும் குறிக்கும். கம்பவுண்டர் என்றால் சேர்த்துக் கலப்பவர். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கலக்கி பாட்டிலில் ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி வெளியே ஒட்டிக் கொடுப்பாரே, அவர்தான். மாத்திரை அட்டையில் வர ஆரம்பித்ததும் கலக்கும் வேலை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

தமிழில் 'மருந்தாளுநர்'. ஆளுதல் என்றால் இங்கே கையாளுதல். ஓட்டுநர், இயக்குநர் போல 'நர்' விகுதி, அதனால் 'மருந்தாளுனர்' என்று றன்னகரம் போடுவது பிழை, அரசுப் பலகையிலேயே இருந்தாலும் சரி. நல்ல சொல்தான். ஆனால் சட்டம் பேசும்போது 'பதிவுபெற்ற மருந்தாளுநர்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 1948 பார்மசி சட்டத்தின் 2-ஆம் பிரிவுப்படி, ஒருவர் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறாரோ அல்லது தொழில் செய்கிறாரோ, அந்த மாநிலப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அவர் அந்தச் சொல்லுக்குள் வருவார். படிப்புச் சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் போதாது.

அந்தப் பதிவேட்டுக்குள் யார் வரலாம் என்பதைத்தான் திருத்தங்கள் மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. படிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பிரிவு எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்து ஒட்டியிருந்தால் அது பின்னால் செருகப்பட்டது என்று அர்த்தம். 32ஏ, 32பி, 32சி எல்லாம் அப்படி வந்தவை. இதில் 32பி வடசென்னைக்காரர்களுக்குப் புதுசாக இருக்காது: 1976 திருத்தத்தில் வந்த அந்தப் பிரிவு, கலவரத்தாலோ கலவரத்துக்குப் பயந்தோ பர்மா, இலங்கை, உகாண்டா போன்ற நாடுகளை விட்டு வந்த இந்திய வம்சாவளியினருக்கும் பதிவேட்டில் இடம் கொடுத்தது. பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறிய குடும்பங்களும், பாரிமுனையில் பர்மா பஜாரும் வந்த அதே கதைதான் இந்தச் சட்ட வரிக்குப் பின்னாலும் இருக்கிறது.

42-ஆம் பிரிவு இன்னும் சுவாரசியம். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவுபெற்றவர் மட்டும்தான் என்று சொல்லும் பிரிவு அது (டாக்டர் தன் சொந்த நோயாளிக்குக் கொடுப்பதற்கு விலக்கு உண்டு). மாநில அரசு தேதி குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டில் தானாக அமலுக்கு வரும் என்று 1976-இல் கெடு வைத்தார்கள். 1982-இல் 'ஐந்து' என்ற ஒரே சொல்லை எடுத்துவிட்டு 'எட்டு' என்று போட்டார்கள், அவ்வளவுதான் திருத்தம், விஷயம் 1984-க்குத் தள்ளிப்போய்விட்டது! திருத்தச் சட்டத்தை மட்டும் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. மூலச் சட்டத்தின் வரியில் கொண்டுபோய்ப் பொருத்தித்தான் படிக்க வேண்டும்.

2023-இல், பல சட்டங்களின் தண்டனைகளை ஒரே மூச்சில் திருத்திய ஜன் விஸ்வாஸ் சட்டம், இதே பிரிவின் தண்டனையையும் தொட்டது. சிறை ஆறு மாதம் வரை என்பது மூன்று மாதம் வரை என்றானது, அபராதம் 1,000 ரூபாய் வரை என்பது 2 லட்சம் வரை என்றானது. சிறையை மட்டும் பார்த்தால் சட்டம் இளகியது போலிருக்கும். கடை முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள், ஆயிரம் ரூபாய் அபராதமெல்லாம் அவருக்கு டீச்செலவு, இரண்டு லட்சம் அப்படி இல்லை.

அதே வருடம் வந்த 32சி-யைத்தான் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். அதில் 'பதிவுபெற்றவராகக் கருதப்படுவர்' என்று வருகிறது, உடனே அனுபவம் இருந்தால் போதும் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது ஜம்மு காஷ்மீரின் பழைய பார்மசி சட்டப்படி பதிந்தவர்களுக்கும் தகுதி பெற்றவர்களுக்கும் மட்டும், அதுவும் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியிருந்தால்தான். தண்டையார்பேட்டைக் கடையில் இருபது வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அண்ணனுக்கு அதில் ஒன்றும் இல்லை.