வயலோரம் எரியும் கேஸ்: 30 மீட்டர் விதி என்ன சொல்கிறது, ஊர்க்காரர்கள் எதைக் கேட்கலாம்?

நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறும் சேகரிப்பு நிலையமும் உள்ள ஊர்கள் நிறைய. இந்தப் பக்கத்தில் கேஸ் எரியும் இடத்துக்கு அருகில் ஒரு ராத்திரி தங்கியவர்களுக்கு அந்த வெளிச்சம் மறக்காது. விளக்கை அணைத்தாலும் சுவரில் செம்மஞ்சள் ஆடிக்கொண்டே இருக்கும். காற்று திரும்பினால் 'ஹோ' என்ற இரைச்சல் ஜன்னல் வரைக்கும் வரும். நிறுவன ஆட்கள் இதை ஃப்ளேர் என்பார்கள். ஊரில் 'கேஸ் எரியுது' என்பதோடு சரி.

இப்படி எரிப்பதற்கு விதி இருக்கிறது. அதுவும் 1996-லேயே வந்த விதி. அதில் முக்கால்வாசியை வரப்பில் நின்று கண்ணால் பார்த்தே சரிபார்த்துவிடலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் எரிக்கிறார்கள்? கச்சா எண்ணெய் தனியாக வருவதில்லை. அதோடு சேர்ந்தே வாயுவும் மேலே வரும், பெரும்பகுதி மீத்தேன். குழாய் போட்டுக் கொண்டுபோக வழியிருந்தால் அதை விற்கலாம். திருமக்கோட்டை கோவில்களப்பால், குத்தாலம், ராமநாதபுரம் பக்கத்து வழுதூர் மின்நிலையங்கள் எல்லாம் எரிவாயுவில் ஓடுபவைதான். ஆனால் தனித்து நிற்கும் கிணறு, வாயு கொஞ்சம், அழுத்தமும் குறைவு என்றால் குழாய்ச் செலவு கட்டுபடியாகவில்லை என்று அங்கேயே கொளுத்திவிடுகிறார்கள். எவ்வளவு வீணாகிறது என்பதற்கு ஒரு கணக்கு: 1,000 கன மீட்டர் வாயுவில் உள்ள வெப்பம், வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் 50-க்கும் மேல் சேர்ந்தால் கிடைப்பது.

எரிக்காமல் அப்படியே திறந்துவிட்டால்? அது இன்னும் மோசம். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

இனி விதிக்கு வருவோம். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில், எண்ணெய் துளையிடும் தொழிலுக்கும் எரிவாயு எடுக்கும் தொழிலுக்கும் தனித் தரநிலை இருக்கிறது. எரிப்பைப் பற்றி அதில் சில வரிகள்தான். ஒவ்வொன்றும் கறாரானது.

வாயுவை எரிக்காமல் காற்றில் விடவே கூடாது. இது முதல் வரி. குழாய் முனையில் தீ அணைந்து, வாயு மட்டும் சீறிக்கொண்டிருந்தால் அது விதிமீறல். கூடவே உடனடி ஆபத்து. இரவில் எப்போதும் தெரியும் தீ திடீரென்று தெரியாமல் போய், இரைச்சலும் வாடையும் மட்டும் இருந்தால் கிட்டே போய்ப் பார்க்காதீர்கள். விலகி வந்து தீயணைப்பு நிலையத்துக்கும் நிறுவனத்தின் அவசர எண்ணுக்கும் சொல்லுங்கள்.

எரிப்பது உயரமான குழாயில் நடக்க வேண்டும். குறைந்தது 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய பத்து மாடி உயரம். பக்கத்தில் நிற்கும் தென்னையோடு ஒப்பிட்டாலே பாதி தெரிந்துவிடும்; நன்றாக வளர்ந்த நெட்டைத் தென்னையையும் அந்தக் குழாய் தாண்டி நிற்க வேண்டும். 30 மீட்டர் கட்டிவிட்டால் போதும் என்றும் இல்லை. தரைமட்டத்தில், நாம் மூச்சுவிடும் காற்றில், மாசு தேசிய வரம்பை ஒருபோதும் மீறாத அளவுக்கு உயரம் இருக்க வேண்டும் என்கிறது விதி. 2009-இல் வந்த அந்த வரம்பின்படி, 24 மணி நேரச் சராசரியில் கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் ஒரு கன மீட்டருக்குத் தலா 80 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, பிஎம் 2.5 நுண்துகள் 60-ஐத் தாண்டக் கூடாது.

அடுத்து வருவதுதான் டெல்டா விவசாயி கவனமாகப் படிக்க வேண்டிய வரி. உயரத்தில் எரியும் தீயின் கூசும் வெளிச்சத்தால் பக்கத்து வயல்களில் விளைச்சல் பாதிக்கும் என்றால், அங்கே தரைமட்டத்தில் எரிக்கலாம் என்று விதியே சொல்கிறது. வெளிச்சம் பயிரைக் கெடுக்கும் என்று சொன்னால் 'அதெல்லாம் உங்க கற்பனை' என்று சிரிப்பவர்கள் உண்டு. கற்பனை இல்லை. பழைய சம்பா ரகங்கள் பலவும் இரவு நீள்வதை வைத்துத்தான் பூக்கும் காலத்தை அறிகின்றன. ராத்திரி முழுக்க வெளிச்சம் விழுந்தால் அவற்றுக்கு இரவு குறைந்துபோகும், கதிர் வருவது தள்ளிப்போகும். வெளிச்சத்தைத் தேடி வரும் பூச்சி வேறு. பயிர் பாதிப்பைச் சட்டமே ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதை மனுவில் தாராளமாக எழுதலாம்.

தரைமட்டத்தில் எரிப்பது என்றால் வெறும் மண்குழியில் கொளுத்துவது அல்ல. சேகரிப்பு நிலையத்தில் எரிகுழி கான்கிரீட்டில் இருக்க வேண்டும். அதைச் சுற்றிக் குறைந்தது 5 மீட்டர் உயரத்துக்கு, வெப்பம் தாங்கும் செங்கல்லால் நிரந்தரச் சுவர் வேண்டும். சுவருக்கு அப்பால் 100 மீட்டர் அகலத்துக்கு மரங்கள் வளர்த்துப் பசுமை வளையம். அதற்கு இடமில்லை என்றால், தீ வெளியே தெரியாதபடி நாலுபக்கமும் மூடிய எரிப்பான் வைக்க வேண்டும். இடமில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அப்புறம் இன்னொன்று: கழிவுத் திரவத்தைக் குழியில் ஊற்றி எரிப்பது எந்தக் கட்டத்திலும் கூடாது. ஒரு நாள் மட்டும் குழியிலிருந்து கரும்புகை எழுந்தால் இந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீ நன்றாக எரிந்தால் புகை தெரியாது. கருப்பாக எழுந்தால் வாயு முழுசாக எரியவில்லை, கரித்துகள் பறக்கிறது என்று அர்த்தம். எரியும் வாயுவில் 98 சதவீதம் அழிந்துவிடுவதாகத்தான் வழக்கமாகக் கணக்கு எழுதுவார்கள். அமெரிக்காவின் மூன்று எண்ணெய் வயல்களில் விமானத்தில் பறந்து அளந்தபோது உண்மையில் அழிந்தது 91 சதவீதம்தான் என்று 2022-இல் ஓர் ஆய்வு வெளியானது. அணைந்துகிடந்த குழாய்களும் அதற்கு ஒரு காரணம்.

இந்த 1996 தரநிலையில் பெரிய குறை ஒன்று உண்டு. எப்படி எரிக்க வேண்டும் என்கிறதே தவிர, எவ்வளவு எரிக்கலாம் என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2026 முடிவதற்குள் 98 சதவீத வாயுவைப் பிடித்தே ஆக வேண்டும் என்று விதி போட்டிருக்கிறது. நைஜீரியா எரிக்கும் வாயுவுக்குக் காசு வாங்குகிறது; 2018-இல் போட்ட விதிப்படி, நாளொன்றுக்கு 10,000 பீப்பாய் அல்லது அதற்கு மேல் எடுக்கும் இடத்தில் ஆயிரம் கன அடிக்கு 2 டாலர். இங்கே நிலைமை தலைகீழ். 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல் சட்டப்படி, தவிர்க்க முடியாமல் வீணாகும் வாயுவுக்கு ராயல்டியே, அதாவது எடுக்கும் வளத்துக்காக நிறுவனம் அரசுக்குக் கட்டும் பணமே, கிடையாது. தரையில் எடுக்கும் எண்ணெய், எரிவாயுவின் ராயல்டி மாநில அரசுக்கு வரும் பணம். அதனால் எரித்தது உண்மையிலேயே தவிர்க்க முடியாததா என்று கேட்பது நம் கஜானாவுக்காகவும் கேட்கிற கேள்வி.

டெல்டாவில்தான் புதுக் கிணறுக்குத் தடை வந்துவிட்டதே என்று கேட்கலாம். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத்தான் தடுக்கிறது. முன்பே ஓடிக்கொண்டிருப்பவை தொடரும். தொடர்கிற வரைக்கும் அவற்றின் தீக்கு இந்த விதியும் தொடரும்.

சரி, ஊர்க்காரர் என்ன செய்யலாம்? கையில் தாள் இல்லாமல் பேசப் போகாதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய திட்டம் என்றால் அந்த அனுமதிக் கடிதத்தின் நகல் ஊராட்சிக்கு வந்திருக்க வேண்டும். வந்த நாளிலிருந்து 30 நாள் அலுவலகத்தில் ஒட்டியும் வைத்திருக்க வேண்டும். அதில் அந்தத் திட்டத்துக்கு என்றே போட்ட நிபந்தனைகள் இருக்கும். அவற்றை எப்படிக் கடைப்பிடித்தார்கள் என்ற அறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிறுவனம் கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம், யார் கேட்டாலும் தரவேண்டியது. நிலையத்தை இயக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையையும், செப்டம்பர் 30-க்குள் வாரியத்துக்குப் போக வேண்டிய ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிக்கையையும் மாவட்ட அலுவலகத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். மிகப் பழைய நிலையம் என்றால் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதமே இல்லாமல் இருக்கலாம்; அப்போது இசைவாணையிலிருந்து தொடங்குங்கள்.

புகாரில் 'ரொம்பக் கஷ்டமா இருக்கு' என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் தூங்கும். 'குழாய் 30 மீட்டர் இல்லை', 'எரிகுழிக்குச் சுவர் இல்லை', 'இன்ன தேதி இரவு 11 முதல் 2 வரை கரும்புகை' என்று எழுதுங்கள். தேதியும் நேரமும் பதிந்த போட்டோ வையுங்கள். இரைச்சலுக்குத் தனி வரம்பு உண்டு: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்: தீயை மொத்தமாக அணைத்துவிடுங்கள் என்று. அழுத்தம் திடீரென ஏறினால் வாயுவைப் பாதுகாப்பாக வெளியேற்ற அந்தக் குழாய் வேண்டும். அதன் முனையில் சின்னதாக ஒரு சுடர் எப்போதும் எரிந்தே ஆக வேண்டும். அவசரத்துக்கு எரிப்பது வேறு, விற்க வழியில்லை என்று மாதக்கணக்கில் எரிப்பது வேறு. இரண்டாவதைக் குறைக்கச் சொல்லுங்கள். மாதம் எத்தனை கன மீட்டர் எரித்தீர்கள், என்ன காரணத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

விதி மீறியது தெரிந்தால், 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் போடலாம். முன்பிருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டார்கள். பெரிய நிறுவனத்துக்கு 15 லட்சம் ஒரு பொருட்டா என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதனால்தான் பசுமைத் தீர்ப்பாயம் முக்கியமாகிறது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். பயிருக்கோ உடம்புக்கோ இழப்பீடு கேட்பதென்றால் 5 ஆண்டு. அந்த முதல் நாள் எது என்று பிறகு தகராறு வரும். அதனால் வாரியத்தில் மனு கொடுக்கும் அன்றே தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதன் நகல் ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்துவையுங்கள்.