நட்சத்திரம் கொட்டிய இரவுகளும் ஒரு மாதம் நழுவிய தேதியும்

1833 நவம்பர் 13, விடிவதற்கு முன் வட அமெரிக்க வானில் எரிகற்கள் மழையாய்க் கொட்டின. உலகமே அழியப்போகிறது என்று பலர் நடுங்கினார்கள். யேல் கல்லூரிப் பேராசிரியர் டெனிசன் ஓல்ம்ஸ்டெட், பார்த்ததை எழுதி அனுப்பும்படி பத்திரிகை வழியாகக் கேட்டார். எல்லாம் சிம்ம விண்மீன் கூட்டத்தில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பின, சிம்மம் நகர நகர அந்தப் புள்ளியும் கூடவே நகர்ந்தது என்று தெரியவந்தது. அப்படியென்றால் அவை விண்வெளியிலிருந்து வந்தவை.

இதே பொழிவு முன்பும் வந்திருக்கிறதா? 1799 நவம்பர் 12 அன்று வெனிசுவேலாவின் குமனாவில் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தார். அதற்கும் முன்னால் போக, யேலின் ஹியூபர்ட் நியூட்டன் பழைய வரலாற்றுக் குறிப்புகளைத் துழாவினார். மன்னர் இப்ராகிம் இறந்த இரவில் நட்சத்திரங்கள் ஈட்டிகள்போலத் தெரிந்து மழையாய்ச் சிதறின என்கிறது 902ஆம் ஆண்டு பற்றிய அரபுக் குறிப்பு. 1202இல் அவை வெட்டுக்கிளிக் கூட்டம்போல் பறந்தனவாம். படிக்கவே மெய்சிலிர்க்கிறது. ஆனால் எந்த விண்மீன் கூட்டத்திலிருந்து வந்தன என்பது இவற்றில் இல்லை. கையில் மிஞ்சுவது தேதி மட்டும்தான்.

அதுவும் உதைக்கிறது. 902இல் நடந்தது அக்டோபர் 13. 1833ஐவிட ஒரு மாதம் முன்னால்! வேறு பொழிவு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். நியூட்டன் ஒதுக்கவில்லை. அக்டோபர் 13 என்பது அப்போது வழக்கிலிருந்த ஜூலியன் நாட்காட்டியின் தேதி. இன்றைய நாட்காட்டியில் அது அக்டோபர் 18. மீதி 26 நாள். நம் நாட்காட்டி பருவங்களை ஒட்டி ஓடுகிறது; விண்மீன்களை வைத்துப் பார்த்தால் அதே இடத்துக்கு வர பூமிக்கு ஆண்டுக்குச் சுமார் 20 நிமிடம் கூடுதலாக வேண்டும். இந்த அயனச்சலனம் 931 ஆண்டுகளில் ஏறக்குறைய 13 நாளை விழுங்கிவிடுகிறது.

அப்புறமும் 13 நாள் நிற்கிறது. அதற்குக் காரணம் எரிகற்களின் பாதையே மெல்லத் திரும்புவதுதான். 902 முதல் 1833 வரை 28 சுழற்சி, ஒவ்வொன்றும் 33.25 ஆண்டு. அடுத்தது 1866 நவம்பரில் என்றார் நியூட்டன். ஐரோப்பிய வானில் அது வந்தது.

ஆனால் தேதிகளை மட்டும் வைத்தால் எரிகற்கள் சூரியனைச் சுற்ற ஐந்து வெவ்வேறு காலங்கள் பொருந்தின. 1867இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் கௌச் ஆடம்ஸ், வியாழன், சனி, யுரேனஸின் ஈர்ப்பைக் கணக்கிட்டார். 33.25 ஆண்டுப் பாதைக்கு மட்டும், ஒரு சுற்றுக்கு 28 கலை (ஒரு கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) திருப்பம் கிடைத்தது. பழங்குறிப்புகளின் தேதிகள் காட்டியது 29 கலை; கிட்டத்தட்ட அதேதான்.