கண்ணாடி போட்டால் ஓவியம் பத்திரம் என்று யார் சொன்னது?

இந்த மாதமும் அதே கதைதான். மறுநாள் காலையில் கண்காட்சிக்குப் படங்களை மாட்ட வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் ஒரு டீச்சர் கடைக்கு வருகிறார், கையில் பிரேம் போட்ட நீர்வண்ண ஓவியம். நம் புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்துப் படகுகள். கை தேர்ந்த வேலை. ஆனால் வானம் இருக்கிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தாள் கருத்து, நனைந்த மாதிரி தெரிகிறது. தொட்டால் ஈரமில்லை. தாள் போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை.

"அண்ணே, கண்ணாடிய மட்டும் மாத்திக் குடுத்துடுங்க. நாளைக்கு மாட்டணும்."

கண்ணாடியை மாற்றலாம் டீச்சர். உங்கள் வானமும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

பிரேம் போடுவதும் கெட்டுப்போன தாள் ஓவியங்களைச் சீர்செய்வதும் என் தொழில். நம் ஊர்ச் சின்னக் காட்சிக்கூடத்தில் மாதாமாதம் படம் மாட்டுகிறவர்களில் பெரும்பாலோர் எனக்குத் தெரிந்தவர்கள். வரைதல் ஆசிரியர்கள், பேங்க்கில் ரிட்டையரானவர்கள், அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகள், சமையலை முடித்துவிட்டு மத்தியானத்தில் வரைகிற அம்மாக்கள். வரைவதற்கு நல்ல தாள், நல்ல பிரஷ், வெளிநாட்டு டியூப் என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். பிரேம் என்று வந்தால் மட்டும் "எதையாவது போட்டுக் குடுங்க, மேல கண்ணாடி இருந்தா போதும்" என்கிறார்கள். இந்தக் 'கண்ணாடி இருந்தா போதும்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம் என்று யோசித்தால் புரியும். நம் ஊர்ப் பிரேம் கடைகள் வளர்ந்தது சாமி படத்திலும் கல்யாண போட்டோவிலும். அச்சடித்த முருகர் படத்தைக் கண்ணாடியோடு அப்படியே ஒட்டி வைத்து, பின்னால் ஹார்ட்போர்டு கொடுத்து, நாலு ஆணி அடித்தால் வேலை முடிந்தது. அச்சு மை அதைப் பெரும்பாலும் தாங்கிவிடும். கெட்டாலும் இன்னொரு படம் வாங்கிக்கொள்ளலாம். அதே முறையைக் கையால் வரைந்த ஒரே பிரதிக்கும் செய்கிறோம். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பலர் மனதில் இருக்கும் கணக்கு இது: முன்னால் கண்ணாடி, பின்னால் போர்டு, சுற்றிலும் மரச்சட்டம். அப்புறம் காற்று எப்படி உள்ளே போகும், ஈரம் எப்படிப் போகும்? போகும். பிரேம் என்பது மூடி போட்ட டப்பா இல்லை. ஹார்ட்போர்டு வழியாக, மூலை இடுக்கு வழியாக ஈரக்காற்று நிதானமாக உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். போனது சீக்கிரம் வெளியே வராது. அதுதான் சிக்கல். கண்ணாடி தூசியைத் தடுக்கும், குழந்தையின் விரலைத் தடுக்கும், பல்லி எச்சத்தைத் தடுக்கும். ஈரத்தை அது தடுப்பதில்லை, உள்ளேயே பூட்டி வைக்கிறது.

இன்னொன்று. ஈரம் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. நன்றாகக் காய்ந்த தாள் என்று நீங்கள் கையில் பிடித்திருப்பதிலேயே 100 கிராமுக்கு 5 முதல் 8 கிராம் தண்ணீர் உண்டு. காற்றில் ஈரம் கூடினால் தாள் இன்னும் குடிக்கும், குறைந்தால் விட்டுவிடும். மழைக்காலத்தில் திறந்து வைத்த அப்பளம் நமுத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி கண்ணாடி குளிரும்போது அந்த ஈரம் கண்ணாடியின் உள்பக்கத்தில் படிகிறது. தாளும் கண்ணாடியும் ஒட்டியிருந்தால் அது நடுவில் மாட்டிக்கொள்ளும், போக வழி கிடையாது. நீர்வண்ணத்தைத் தாளில் பிடித்து வைத்திருப்பது பிசின். தண்ணீர் பட்டால் அது மறுபடி இளகும். இளகிய பிசின் காயும்போது எது பக்கத்தில் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும், அது தாளா கண்ணாடியா என்று பார்க்காது. பூஞ்சைக்கும் அந்தப் பிசினும் தாளில் ஏற்றியிருக்கும் பசையும் நல்ல சாப்பாடு. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் அதற்குப் போதும். ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரியிலும் கடலூரிலும் அதற்குக் கீழே இறங்குகிற நாளை விரல் விட்டு எண்ணலாம்.

ஆகவே கண்ணாடி ஓவியத்தைத் தொடக்கூடாது. தொடவே கூடாது. குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வெட்டிப் போடும் அட்டைதான் மவுண்ட். சாதாரண மவுண்ட் ஒன்று அதில் பாதி அளவுதான் தரும், தடித்ததாகவோ இரட்டையாகவோ போட்டால் அந்த அளவு கிடைத்துவிடும். அழகுக்காக என்று எல்லோரும் நினைக்கும் அந்த வெள்ளை ஓரத்தின் உண்மையான வேலையே இதுதான். மவுண்ட் பிடிக்காதவர்களுக்குச் சட்டத்தின் உள்விளிம்பில் மெல்லிய பட்டி வைத்துத் தருகிறோம், அதற்கு ஸ்பேசர் என்று பெயர். பேஸ்டல், கரி மாதிரி தூள் உதிரும் படம் என்றால் 5, 6 மில்லிமீட்டர் விடுங்கள். கண்ணாடி கனமாக இருக்கிறது என்று அக்ரிலிக் பிளாஸ்டிக் ஷீட்டைக் கரி ஓவியத்துக்குப் போடாதீர்கள். துணியால் ஒரு தடவை துடைத்தால் அது மின்னேறிக் கரித்தூளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

"அப்படின்னா யுவி கண்ணாடி போட்டா வெயில்ல மாட்டலாமா சார்?" மாட்டக்கூடாது. அந்தக் கண்ணாடி தடுப்பது புற ஊதாக் கதிரை. அது மட்டும்தான் நிறத்தை வெளுக்கும் என்பது அரை உண்மை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் வெளுக்கும்.

சரி, பின்பக்கத்துக்கு வருவோம். திருப்பிப் பார்த்தால்தான் பிரேம் போட்டவர் யாரென்று தெரியும். செல்லோ டேப், மாஸ்கிங் டேப், பெவிகால் இந்த மூன்றையும் ஓவியத்தின் பின்னால் பார்த்தால் நான் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறேன். டேப்பின் பசை சில வருஷத்தில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கி முன்பக்கமே தெரியும். பெவிகால் நன்றாகக் காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது. நாங்கள் மாவுப்பசை காய்ச்சுகிறோம். மெல்லிய ஜப்பான் தாளில் இரண்டே இரண்டு கீல், அதுவும் மேல் விளிம்பில் மட்டும். ஓவியம் அதில் தொங்கும். தாள் சுருங்கவும் விரியவும் இடம் இருக்கும், வேண்டுமென்றால் ஈரம் காட்டி எடுத்துவிடலாம். மாவுப்பசை என்றதும் சிலர் போஸ்டர் ஒட்டும் பசையைக் கிண்டிக்கொண்டு வருகிறார்கள். அதில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். செம்பு சேர்ந்த சரக்கு அது, தாளைச் சீக்கிரம் இற்றுப்போக வைக்கும். சுவர் போஸ்டருக்கு ஒரு வாரம் ஆயுசு, உங்கள் படத்துக்கும் அதே போதுமா?

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959லிருந்து இந்த ஊரில் இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவில் செய்கிற தாள். நல்ல பருத்தித் தாள், மரக்கூழில் செய்த மலிவான சார்ட்டைவிட நிறைய காலம் தாங்கும். ஆனால் அதையும் அமிலம் கசியும் மட்ட அட்டைமேல் வைத்து மூடினால், அட்டையின் பழுப்பு தாளுக்கு ஏறிவிடும். மவுண்ட் போர்டு, படத்துக்குப் பின்னால் வைக்கும் பேக்கிங் போர்டு வாங்கும்போது அமிலமில்லாததுதானா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். கடைக்காரர் முழித்தால் பதில் தெரிந்துவிட்டது.

கான்வாஸ்காரர்கள் இதையெல்லாம் படித்துச் சிரிக்க வேண்டாம். ஆயில் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கெட்டியாக அப்பிய படத்துக்கு ஆறு மாதம், ஒரு வருஷம் பொறுத்துதான் வார்னிஷ். கண்காட்சிக்குப் பளபளப்பு வேண்டும் என்று போன வாரம் வரைந்ததுக்கு வார்னிஷ் அடித்துவிட்டு, பின்னால் வெடித்திருக்கிறது என்று கொண்டு வராதீர்கள். அக்ரிலிக் ஓவியம் இன்னொரு ரகம். அது நம் ஊர்ச் சூட்டில் முழுசாக இறுகுவதே இல்லை. அதற்கு பபிள் ராப் சுற்றி, கொப்புளம் உள்பக்கம் பார்க்க வைத்து, டூவீலரில் காலிடுக்கில் நிறுத்தி நடுப்பகலில் கொண்டுபோனால், இறக்கும்போது படம் முழுக்க வரிசை வரிசையாக வட்டத் தழும்பு. அது போகாது. எதுவும் படத்தின் முகத்தில் படக்கூடாது. நாலு மூலைக்கும் அட்டையை மடித்துக் குல்லா போடுங்கள், அதன்மேல் சுற்றுங்கள். இரண்டு அக்ரிலிக் படங்களை முகத்தோடு முகம் வைத்து எடுத்து வருகிறவர்களிடம் எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

காட்சிக்கூடத்தை நடத்துகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் வாடகை வாங்காமல் இடம் தருகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். பழைய சுண்ணாம்புச் சுவர் ஓதம் காக்கும். உப்புப் பூத்து உதிர்கிற சுவரில் பிரேமின் முதுகை ஒட்டி மாட்டினால் ஒரு மாதம் முழுக்க அது சுவரின் ஈரத்தைத்தான் குடிக்கும். ஒவ்வொரு பிரேமுக்கும் கீழ் மூலைகள் இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டச் சொல்லுங்கள், பின்னால் காற்றோட்டம் கிடைக்கும். பாட்டில் கார்க்குக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன! ஒவ்வொரு கண்காட்சிக்கும் முன்னால் சுவருக்குப் புதுசாக வெள்ளை அடித்து மறுநாளே மாட்டுவதை நிறுத்துங்கள். திறப்பு விழாக் குத்துவிளக்கைப் படத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள், புகை ஏறும்.

ஏசி விஷயம் அதைவிட முக்கியம். பகலில் ஜில்லென்று வைத்துவிட்டு ராத்திரி பூட்டும்போது அணைத்துவிடுகிறோம். ஈரப்பதம் சரசரவென்று ஏறும், காலையில் மறுபடி இறங்கும். இப்படி ஏறி இறங்குவதைவிட, ஏசியே இல்லாமல் ஃபேன் சுற்றுகிற அறை பல படங்களுக்கு மேல். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி மாட்டுங்கள். பிரேமுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறேன் என்கிறவர்களே, அது நம் காற்றில் சில நாளில் நிரம்பிவிடும். அதற்கப்புறம் அது வெறும் பொட்டலம்தான்.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த வாரங்களில் என்னிடம் வந்த படங்களில் பாதிக்கு மேல் சுவரில் இருந்தவை இல்லை. விற்காமல் திரும்பி வந்து பீரோவுக்குப் பின்னால் தரையில் சாத்தி வைத்தவை. தரையில் வைக்காதீர்கள். கட்டிலுக்கு அடியிலும் வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டாத, ஓரடி உயரமான பலகை போதும். பாலிதீனில் சுற்றி டேப் அடித்து மூடவும் வேண்டாம், பழைய பருத்தி வேட்டி போர்த்துங்கள். அக்ரிலிக் படத்துக்கு மட்டும் மேலே சொன்ன அட்டைக் குல்லாவை மாட்டிவிட்டு, துணி முகத்தில் படாத மாதிரி போர்த்துங்கள்.

பூஞ்சை வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் என்ன செய்யக்கூடாது. ஈரத்துணியால் துடைக்காதீர்கள். டெட்டால் போடாதீர்கள். (போட்டிருக்கிறார்கள். வாசனையோடு வந்து சேர்ந்தது.) உச்சி வெயிலில் காய வைக்காதீர்கள், தாள் நெளிந்துவிடும், நிறம் வெளுக்கும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு இல்லை. கெட்ட படத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, பிரேமைக் கழற்றி, ஈரமில்லாத அறையில் கிடத்தி வையுங்கள். ஃபேன் ஓடட்டும், நேராகப் படத்தின்மேல் அடிக்க வேண்டாம். முழுசாகக் காய்ந்து பொடியானபின், மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான பிரஷ்ஷால் தேய்க்காமல் தட்டி எடுங்கள். பேஸ்டல், கரி என்றால் அதுவும் வேண்டாம். வீசிங் இருக்கிறவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கறை இருந்தால் இருக்கட்டும், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கண்ணாடியில் ஒட்டியது மட்டும் வேறு. அதைப் பிரிக்காதீர்கள். பிளேடு விட்டுப் பார்க்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். பழைய போட்டோவாக இருந்தால் இன்னும் கவனம். போட்டோவின் மேல்பூச்சு கண்ணாடியோடு இறுகிப்போயிருக்கும், இழுத்தால் முகமே போய்விடும். முதல் வேலையாகக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பிறகு ஒட்டிய கண்ணாடி கீழே இருக்கும்படி படுக்கவைத்துக் கொண்டு வாருங்கள். தயவுசெய்து, மாட்டுவதற்குப் பத்து நாள் முன்னால்.