தாலிக்கொடிக்குச் சிறை வாசலில் மணி அடிப்பது ஏன்?

சிறையிலுள்ள உறவினரைப் பார்க்கச் சென்று வந்த யாழ்ப்பாண வாசகி ஒருவர் கேட்கிறார்: "சோதனை வாசலைக் கடந்தபோது என் தாலிக்கொடிக்குக் கருவி ஒலித்தது. தங்கம் காந்தத்தில் ஒட்டாதே, பிறகு எப்படிக் கண்டுபிடித்தது? அடுத்த முறை கர்ப்பிணியான மகளை அதனூடாக அழைத்துச் செல்லலாமா?"

காந்தத்தில் ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. மின்னைக் கடத்தினால் போதும். உலோகத்தைக் கண்டறியும் இந்த வாசலின் பக்கத் தட்டிகளுக்குள் செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831இல் மைக்கேல் பரடே காட்டியது சாதாரண தரப் பாடத்திலேயே வந்துவிடுவதால், அதை இங்கே விரிக்கவில்லை.

அதற்குப் பின் நடப்பதுதான் அழகு. பல கருவிகளில் சுருளுக்கு வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மின்னோட்டம் கொடுக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் சடுதியாக நிறுத்தப்படுகிறது. நிறுத்தியதும் காந்தப்புலம் சரிய, அந்தச் சரிவை எதிர்த்து உலோகத்துக்குள் சுழிப்போட்டங்கள், அதாவது சுழி போல வட்டமிடும் மின்னோட்டங்கள், எழுந்து, தமக்கென ஒரு மெல்லிய காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. அடித்த கோயில் மணியின் நாதம் போல இதுவும் படிப்படியாகத் தேய்ந்து மறையும். அது தேயும் விதத்தைத்தான் கருவி கவனிக்கிறது. செம்பின் கடத்துதிறன் துருப்பிடிக்காத உருக்கினுடையதைப் போல் ஏறத்தாழ 40 மடங்கு என்பதால், ஒரே அளவும் வடிவமும் கொண்ட இரண்டு துண்டுகளில் செம்பில் எழும் ஓட்டமே நெடுநேரம் நீடிக்கும். நெடுநேரம் என்று இங்கே சொல்வது மைக்ரோ வினாடிக் கணக்கில்தான்.

வடிவமும் இதில் பங்கெடுக்கிறது. மூடிய வளையலைச் சுற்றி ஓட்டம் தடையின்றிப் பாயும்; அதே வளையலில் ஓரிடத்தை வெட்டிவிட்டால், தங்கத்தின் எடை குறையாவிட்டாலும், அந்தப் பெரிய சுற்று அறுந்து, கருவிக்குக் கிடைக்கும் சைகை வெகுவாகக் குறைந்துவிடும். கழுத்தில் பூட்டிய தடித்த கொடியும் ஒரு சுற்றுத்தான், ஆயினும் கண்ணிகள் ஒன்றையொன்று எவ்வளவு நன்றாகத் தொடுகின்றன என்பதைப் பொறுத்து அதன் சைகை மாறும். ஒரே கொடி ஒரு நாள் ஒலித்து மறுநாள் ஒலிக்காமல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் தங்கிய துப்பாக்கிக் குண்டைத் தேட அலெக்சாந்தர் கிரகாம் பெல் இதே தூண்டல் விளைவைப் பயன்படுத்தித் தோற்றார். படுக்கையின் உலோகச் சுருள்கள் அவரது கருவியைக் குழப்பின. இன்றும் செருப்பிலுள்ள உருக்குத் தகடு, இடுப்புப்பட்டிக் கொளுவி, சாவிக்கொத்து ஆகியவையே வீண் ஒலிகளுக்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. அவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். கைத்தொலைபேசியை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது.

தாலியைக் கழற்றினால் கணவருக்கு ஆகாது என்ற அச்சத்துக்கு அறிவியலில் இடமில்லை. அதேவேளை, ஒலிக்குக் காரணம் கொடிதான் என்பதை, அலுவலர் கையில் பிடித்துச் சோதிக்கும் கைக்கருவியால் சில வினாடிகளில் உறுதிசெய்ய முடியும் என்பதால், கழற்றியே ஆகவேண்டும் என்பதற்கும் பௌதிகவியலில் கட்டாயம் இல்லை. இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். முடிவு கடமையிலுள்ள அலுவலருடையது. உடலைத் தொட்டுச் சோதிப்பதாயின் பெண்ணைப் பெண் அலுவலரே சோதிக்க வேண்டும்.

மகளைத் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். வாசலிலிருந்து வருவது மெதுவாக அதிரும், அதாவது குறைந்த மீடிறனுடைய காந்தப்புலம். அது எக்ஸ் கதிர் போல அணுக்களை அயனாக்காது. எக்ஸ் கதிரால் பைகளைப் பார்க்கும் பெட்டி வேறு, அதற்குள் ஆட்கள் போவதில்லை. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மட்டும் முதலிலேயே அலுவலரிடம் சொல்லி, வாசலில் நிற்காமலும் தட்டியில் சாயாமலும் கடக்க வேண்டும். கைக்கருவியை நெஞ்சின் மேல் பிடித்து வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

போதைத் தூளும் பிளாஸ்டிக்கும் மின்னைக் கடத்தாதவை என்பதால் இந்த வாசலுக்கு அவை தெரியாது. உணவுப் பொதியைப் பிரித்துப் பார்ப்பதும் கையால் தடவிச் சோதிப்பதும் அதனால்தான் தொடர்கின்றன. அந்தச் சங்கடத்தைக் குறைக்கும் உணரிகளை உருவாக்க நம் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறைகளுக்கு நிதி கொடுப்பது, வெளிநாட்டுக் கருவிகளை மட்டும் வாங்கி அடுக்குவதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.