ரிடிம்: தமிழில் என்ன சொல்லலாம்?

ரித்தம் என்ற ஆங்கிலச் சொல்லின் ஜமைக்கப் பேச்சுவழக்கு வடிவம்தான் ரிடிம். உச்சரிப்போடு பொருளும் அங்கே மாறிவிட்டது. ஜமைக்காவின் நடன இசையான டான்ஸ்ஹாலில் ரிடிம் என்றால் வெறும் தாளம் அல்ல. டிரம்ஸும் கீழ்ச்சுரம் தரும் பேஸும் முக்கியமாக அமைந்த, குரல் சேராத முழு இசை. தயாரிப்பாளர் அதற்கு ஒரு பெயரும் வைப்பார். அப்புறம் பல கலைஞர்கள் அதே இசையின் மேல் அவரவர் வரிகளை அவரவர் மெட்டில் பாடிப் பதிவு செய்வார்கள். இதை யாரும் காப்பி என்று சொல்வதில்லை.

ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன் உருவாக்கிய ஒரு ரிடிமின் பெயர் 'தீவாலி'. ஆமாம், தீபாவளியேதான். ஷான் பாலின் 'கெட் பிஸி', வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ' இரண்டுமே அதில் பிறந்தவை. அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பின்னால் அதே கைதட்டல். முன்னவர் விடாமல் அடுக்கிக்கொண்டே போகிறார். பின்னவர் குழைந்து காதல் பாடுகிறார். ஷான் பாலின் பாட்டு 2003-இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது.

ஒரே இசையின் மேல் பலர் பாடும் இந்தப் பழக்கம் 1960-களின் கடைசியில் ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனில் வேர்விட்டது. இசைத்தட்டின் மறுபக்கத்தில் குரலை நீக்கிய வடிவத்தை 'வெர்ஷன்' என்று போட்டார்கள். அப்படிக் குரல் குறைத்த பழைய பாட்டுகளின் மேல் யூ-ராய் என்ற கலைஞர் பேசிப் பாடியவை 1970-இல் பெரிய வெற்றி பெற்றன. 1985-இல் வந்த 'ஸ்லெங் டெங்' ரிடிமுக்கு வாத்தியக் குழுவே தேவைப்படவில்லை. காசியோ எம்டி-40 கீபோர்டில் ஏற்கெனவே இருந்த ஒரு தாளத்தைத் தயாரிப்பாளர் கிங் ஜாமி வேகம் குறைத்துக் கொடுக்க, வெய்ன் ஸ்மித் பாடினார்.

சரி, தமிழில்? 'மெட்டு' நேர் எதிர். மெட்டு மாறாமல் வரிகள் மாறுவது நமக்குப் பழகியது. ரிடிமில் மெட்டும் சேர்ந்தே மாறுகிறது. 'தாளக்கட்டு' என்றால் பேஸ் விட்டுப்போகிறது. 'பின்னணி இசை'யைச் சினிமா எப்போதோ எடுத்துக்கொண்டது. என் தேர்வு 'அடியிசை'. கீழே இருப்பதும் அடி, பறையில் விழுவதும் அடி. ஆனால் குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லும்போது 'தீவாலி ரிடிம்' என்றே விட்டுவிடலாம், அது பெயர்.

கூடவே இன்னொன்று: ஜமைக்காவில் ரிடிமின் மேல் பேசிப் பாடுபவரே டீஜே. இசைத்தட்டு போடுபவர் செலக்டர்.