துறைமுகம் அமையாத கரையில் துறைமுகங்கள்

சோழமண்டலக் கடற்கரையை வரைபடத்தில் பார்த்தால், கப்பல் ஒதுங்க வாகான ஒரு வளைகுடாவாவது தென்படுகிறதா என்று தேட வேண்டியிருக்கும். கோடியக்கரையிலிருந்து வடக்கே கிருஷ்ணா முகத்துவாரம் வரை ஏறக்குறைய நேர்கோடு. முன்னால் ஆழமில்லாத கடல், ஓயாமல் மடிந்து விழும் அலை. ஆனாலும் இடைக்காலத்தில் நாகப்பட்டினம், மயிலாப்பூர், ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளி என்று இந்தக் கரை நெடுகப் பட்டினங்கள் செழித்தன.

முதல் தொல்லை மணல். அலை கரைக்குச் சாய்வாக வந்து மோதும்போது மணலையும் சாய்வாகவே மேலே தள்ளுகிறது. திரும்பும்போது தண்ணீர் நேராகக் கீழே இறங்குகிறது. இப்படி வளைந்து வளைந்து ஒவ்வொரு மணல் துகளும் கரையோரமாகவே நகர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். கோடையில் ஆற்றில் நீரோட்டம் குறைந்தால் இந்த மணல் முகத்துவாரத்தில் திட்டுக் கட்டிவிடும். வெள்ளம் வந்தால் மறுபடி உடையும். போதாக்குறைக்கு ஆறு கொண்டுவரும் வண்டல் வேறு. தெற்கே தாமிரபரணி முகத்தில் இருந்த கொற்கையை அந்த வண்டலே கடலிலிருந்து பிரித்தது. இன்று அது கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர். அதன் இடத்துக்கு வந்த காயல் துறைக்கும் பின்னாளில் அதே கதிதான்.

அதனால் பெரிய மரக்கலங்கள் கரையை நெருங்குவதில்லை. ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைப் படகுகள் ஏற்றி இறக்கும். 19ஆம் நூற்றாண்டிலும் சென்னையில் ஓடிய மசூலா படகைப் பார்த்தால் இந்த வேலையின் நுட்பம் புரியும். தட்டையான அடி, உள்ளே விலாச்சட்டம் கிடையாது, பலகைகளை இணைப்பது ஆணியல்ல, தென்னங்கயிறு. மடியும் அலை படகைத் தூக்கித் தரையில் அடிக்கும்போது, ஆணி அடித்த விறைப்பான படகு பிளந்துபோகும். தைத்த படகு கொஞ்சம் நெளிந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். தண்ணீர் கசியும்தான், இறைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

சரி, மணலைச் சமாளித்தாகிவிட்டது. அடுத்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வங்கக் கடலில் கப்பலைக் கிழக்கே மலேயாவின் கடாரம், சுமத்திரா பக்கம் தள்ளும். திரும்பி வர வாடைக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். 1015இல் சீனம் போய்ச் சேர்ந்த சோழத் தூதுக்குழுவுக்கு வழியில் 1150 நாள் ஆனது. அதில் உண்மையில் கடலில் ஓடியது 247 நாள்தான் என்கிறது சீனக் குறிப்பு. மீதியெல்லாம் துறைகளில் கழிந்த நாட்கள்.

இந்தக் காத்திருப்புதான் கடல்வணிக வலைப்பின்னலின் உயிர்நாடி என்பேன். அரபுக் கரையிலிருந்து சீனம் வரை ஒரே கப்பல் போய்வந்தால் போட்ட முதல் ஆண்டுக்கணக்கில் முடங்கும். அதனால் சரக்கு நடுவிலேயே கைமாறியது. மாதக்கணக்கில் தங்கிய வணிகருக்குக் கிடங்கும் வேண்டும், கும்பிடக் கோயிலும் வேண்டும். ராஜராஜன் காலத்தில், 1006ஐ ஒட்டி, சுமத்திராவின் ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி எழுப்பியதும், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் கொடுக்கப்பட்டதும் இந்தப் பின்னணியில்தான். சீனத்தின் சுவான்சௌவில் 1281இல் சிவன் கோயிலுக்குத் தமிழ்க் கல்வெட்டு வந்ததும் அப்படித்தான்.

தங்குகிறவர்களுக்கு ஒழுங்கு வைத்தவை வணிகக் குழுக்கள். சுமத்திராவின் பாருஸ் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐநூற்றுவர் குழுவுடையது. மரக்கலத் தலைவன், கஸ்தூரி விலையை ஒட்டி நிர்ணயித்த பொன்னைக் கட்டிவிட்டுத்தான் விரித்திருக்கும் பாவாடையில் (தரைவிரிப்புத் துணியில்) ஏற வேண்டும் என்கிறது அது. வேற்றுநாட்டுக் கரையில், தமிழில், கட்டண விதி! ராஜேந்திரன் 1025இல் கடாரத்தின் மேல் படை அனுப்பியதைப் பற்றி நிறைய எழுதுகிறோம். எனக்கென்னவோ இந்தக் கல்லே அதிகம் சொல்வதாகப் படுகிறது.

மணற்கரையில் ஒரு துறைக்கும் அடுத்த துறைக்கும் இயற்கை வசதியில் பெரிய வித்தியாசம் இல்லை. வரி கொடுமையாக இருந்தால் கப்பல் பக்கத்து ஊரில் நங்கூரம் போட்டுவிடும். முற்கால மன்னர்கள் புயலில் ஒதுங்கிய கப்பலின் சரக்கைப் பறித்துக்கொண்டார்கள். காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஐ ஒட்டி மோட்டுப்பள்ளியில் நாட்டிய அபய சாசனம், அதாவது அடைக்கல உறுதிக் கல்வெட்டு, அந்த வழக்கத்தை நிறுத்தியது. உயிரைவிடப் பொருளைப் பெரிதாக எண்ணிக் கடலில் இறங்கியவர்கள் என்று வணிகரைக் குறிப்பிட்டு, ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் முப்பதில் ஒரு பங்கு தவிர வேறெதுவும் கேட்பதில்லை என்று அது உறுதி தந்தது. அரை நூற்றாண்டு கழித்து மார்க்கோ போலோ இந்த நாட்டை முத்ஃபிலி என்று எழுதி, அதன் வைரத்தையும் சிலந்தி வலை போன்ற மெல்லிய துணியையும் புகழ்கிறார்.