முலாமை உரிக்க முடியாது

பிளாஸ்டிக் பொம்மை உறுப்புகளின் மேல் தேய்ந்தும் திட்டுத்திட்டாக மங்கியும் கிடக்கும் வெள்ளிப் பளபளப்பை அகற்றும் வேலைக்குக் ‘குரோமிய உரிப்பு’ என்று பெயர் சூட்டி எழுதும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. முதல்முறை கண்ணில் பட்டபோது கைத்தவறு என்றெண்ணிக் கடந்துவிட்டேன். சென்ற வாரம் பழைய பொம்மைகளைப் புதுப்பிப்பது பற்றி ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த ஒரே குறிப்பில் பதினொரு இடங்களில் அதைக் கண்ட பிறகு கடக்க இயலவில்லை. இரண்டே சொற்களாலான அந்தத் தொடரில் முதற்சொல்லும் பிழை. இரண்டாம் சொல் அதைவிடப் பெரிய பிழை.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1797இல் பிரெஞ்சு வேதியியலர் வோக்லான் கண்டறிந்த தனிமத்தின் சேர்மங்கள் பல நிறங்களைக் காட்டியதால், நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் குரோமியம் என்ற பெயர் வந்தது. ‘முலாம்’ என்பது ஒளிர்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்த ‘முலம்மா’ என்னும் சொல். உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைச் சொல்லும் ‘கலாய்’ வந்த வழியும் அதுவே.

இனி முதற்சொல்லைப் பார்ப்போம். 1984இல் விற்பனைக்கு வந்த, உருமாறும் ரோபோக்களான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையின் மெகாட்ரான் பொம்மையையோ, அமெரிக்கக் கார் மாதிரித் தொகுப்புகளில் பம்பரும் சக்கர மூடியும் பளபளவென்று ஒன்றாக இணைந்து வருகின்ற அந்தத் தனி வார்ப்புச் சட்டத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரும் வாங்குபவரும் அதைக் குரோம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதில் இருப்பது அலுமினியம். பிளாஸ்டிக் உறுப்புகளுக்கு முதலில் ஓர் அடிப்பூச்சு அடிக்கிறார்கள். பிறகு காற்றகற்றிய பெரிய கலத்துக்குள் அவற்றை மாட்டிச் சுழலவிட்டு, டங்ஸ்டன் கம்பிச்சுருளின் வெப்பத்தில் அலுமினியத்தை ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவி உறுப்புகளின் மேல் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான கனத்தில் படிகிறது. அதைக் காக்க மேலே தெளிவான வார்னிஷ் ஒன்று. தங்கநிறம் வேண்டுமானால் அந்த மேற்பூச்சில் மஞ்சள் சாயம் கலந்துவிடுவார்கள், அவ்வளவுதான். வார்ப்புச் சட்டத்தோடு சேர்த்தே இத்தனையும் நடப்பதால், உறுப்பை வெட்டியெடுத்த இடத்தில் மட்டும் வெறும் பிளாஸ்டிக் ஒரு புள்ளியாகத் தெரியும்.

பேச்சு வழக்கில் ‘குரோம்’ என்பது ஒரு தோற்றத்தின் பெயர் என்பதால் அதை நான் குறை சொல்லமாட்டேன். அதைக் ‘குரோமியம்’ என்று நீட்டியதும் அது தனிமத்தின் பெயராகிவிடுகிறது; அங்கேதான் பிழை தொடங்குகிறது. (தோல் பதனிடும் நிறுவனத்தால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில், பதனிடப் பயன்பட்டது மெய்யாகவே குரோமிய உப்பு. ஊர்ப்பெயரில் இருக்கும் நேர்மை நம் கலைச்சொல்லில் இல்லை.) பிளாஸ்டிக்கின் மேல் உண்மையான குரோமியம் ஏற்றுவதும் உண்டு. குழாய்த் திருகிலும் கார்களின் முகப்புச் சட்டத்திலும் செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காக மின்சாரத்தால் ஏற்றுவார்கள். பள்ளி நூல்கள் கற்பித்த ‘மின்முலாம் பூசுதல்’ அதுதான். பொம்மையின் பளபளப்பைச் சில மணி நேரத்தில் போக்கிவிடும் சலவை நீர் (துணி வெளுக்கும் ‘பிளீச்’ திரவம்) அந்தப் பூச்சை அப்படி ஒன்றும் செய்துவிடாது. ஆகவே ‘மின்முலாம் நீக்கம்’ என்று எழுதும் மற்றொரு சாராரும் பொம்மையைப் பொறுத்தவரை தவறான கதவைத்தான் தட்டுகிறார்கள்.

என்னை மிகவும் வருத்துவது ‘உரிப்பு’. தமிழில் எதையெல்லாம் உரிக்கிறோம்? வாழைப்பழத்தின் தோலை உரிக்கிறோம். தேங்காயின் மட்டையை உரிக்கிறோம். பாம்பு தன் சட்டையை உரிக்கிறது. உரிபடும் பொருளுக்குத் தனியே ஓர் உடல் வேண்டும். உரித்த பின் அது கையிலோ தரையிலோ எஞ்ச வேண்டும். ஒரு மைக்ரானுக்கும் குறைவான அலுமினியத்தில் உரிப்பதற்கு என்ன இருக்கிறது? ஆங்கிலத்தில் ஆடை களைவதற்கும், கட்டிலின் விரிப்பை எடுப்பதற்கும், வண்ணத்தைப் போக்குவதற்கும் ‘ஸ்டிரிப்’ (strip) என்ற ஒரே வினை போதுமானதாக இருக்கிறது. அந்த வினைக்கு அகராதியில் முதலாவதாகக் கண்ட தமிழ்ச் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டார்கள். இதனால் வரும் கேடு வெறும் இலக்கணக் கேடு அன்று. ‘உரி’ என்று படித்தவர் நகத்தையோ பிளேடையோ தேடுவார், சுரண்டுவார், பொம்மை செய்யப் பயன்படும் ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கின் நுண்ணிய வரிகளும் திருகு வடிவங்களும் அந்தச் சுரண்டலில் பாழாகும். பழைய உறுப்புகளில் மேல் வார்னிஷ் செதில் செதிலாக எழும்புவதும், ஒட்டுநாடாவை அழுத்தி இழுத்தால் அதோடு கொஞ்சம் வந்துவிடுவதும் மெய்தான். அதற்குத் தமிழில் ‘பெயர்தல்’ என்று சொல் உண்டு. காரை பெயர்வதைப் போன்றது அது, தானாக நேர்வது, நாம் செய்யும் வேலைக்கு அது பெயராகாது.

தனித்தமிழ் ஆர்வலர்களிடமிருந்து வந்திருக்கும் ‘பூச்சு நீக்கம்’ இவற்றைவிட மேலானது. ஆயினும் பூச்சு என்றால் சுவர்ப்பூச்சும் பூச்சு, வண்ணப்பூச்சும் பூச்சு. பொம்மையில் பளபளப்புக்கு மேலே வண்ணமும் தீட்டப்பட்டிருக்கும்போது எந்தப் பூச்சை நீக்கச் சொல்கிறார் என்று படிப்பவர் திகைப்பார். தில்லைச் சிற்றம்பலத்துக்குச் சோழன் பராந்தகன் பொன் வேய்ந்தான் என்று படிக்கிறோமே, அந்த ‘வேய்தல்’ அழகான சொல்தான். ஆனால் அது கூரைமேல் தகடு பரப்புவதற்கு உரியது, ஆவி படிவதற்குப் பொருந்தாது. பிறமொழிச் சொல்லை ஒதுக்குவதில் எனக்கும் விருப்பம் உண்டு. எனினும் தங்க முலாம், வெள்ளி முலாம் என்று நகைக்கடை முதல் பேருந்து நிலையக் கடை வரை எல்லோர் வாயிலும் பழகிய சொல்லை, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக மினுங்குவதை இவ்வளவு கச்சிதமாகச் சொல்லும் சொல்லை, விரட்டியடிக்க மனம் வரவில்லை.

ஆகவே நான் பரிந்துரைப்பது ‘முலாம் கரைத்தல்’. நடப்பது கரைதலே. சலவை நீரில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டும் காரமும், மேற்பூச்சு தேய்ந்த இடங்களின் வழியே உள்ளே புகுந்து அலுமினியத்தைத் தின்றுவிடுகின்றன; எரிசோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைசல் இன்னும் விரைவாகத் தின்னும், ஹைட்ரஜன் குமிழிகளும் எழும். வெள்ளி மறைந்த பிறகு பல உறுப்புகளில் மஞ்சள் சாயலுடன் ஒரு படலம் தெரிவதைக் ‘கறை’ என்றே எழுதிவருகிறார்கள். அது கறையன்று, தொடக்கத்தில் அடித்த அடிப்பூச்சு. சலவை நீரில் மேலும் இரண்டு நாள் ஊறப்போட்டாலும் அது அசையாமல் இருக்கலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். இந்த இரண்டாம் வேலைக்கு ‘அடிப்பூச்சு எடுத்தல்’ என்று தனிப்பெயர் வேண்டும். வேலை இரண்டு, பெயர் ஒன்று என்பதால்தான் பாதியிலேயே பலர் கைவிடுகிறார்கள். சிலர் பொறுமையிழந்து அசிட்டோனை ஊற்றி, முலாமோடு பொம்மையையும் கரைத்துவிடுகிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. திரவச் சலவை நீரைப் ‘பிளீச்சிங் பவுடர்’ என்று எழுதாதீர்கள். பவுடரில் இருப்பது கால்சியம் சேர்மம். நீரில் கரைத்தால் சுண்ணாம்பு வண்டலாக அடியில் தங்கி, உறுப்பின் வரிகளில் ஏறிக்கொள்ளும். எரிசோடாவைச் ‘சோடா உப்பு’ என்று எழுதியதையும் பார்த்தேன். சோடா உப்பு ஆப்ப மாவில் போடுவது; எரிசோடா தோலைப் புண்ணாக்கி, கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கக்கூடியது. சலவை நீரோடு அமிலத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும் என்ற எச்சரிக்கையை ஒரு குறிப்பில் ‘புளிப்பான பொருள்களைத் தவிர்க்கவும்’ என்று பெயர்த்திருந்தார்கள். அதைப் படிக்கும் எவரும் எலுமிச்சையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, கழிவறை கழுவும் அமிலப் புட்டியைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்.